நனைக்காத துணி

நனைக்கவா, இல்ல அப்படியே வெட்டிரவா. மணி மூணு ஆகப்போகுது. மூணரைக்குக் குழாயில தண்ணி வந்துரும், அதுக்குள்ள ஒரு முடிவுக்கு வரணும். துணி மேசை மேல கெடக்கு. ரெண்டேகால் மீட்டர் கதர், சந்தனக் கலரு, கடைக் கஞ்சி வாசம் இன்னும் போகல. பக்கத்துல கத்திரி இருக்கு, சாக்பீஸ் இருக்கு, டேப்பு என் கழுத்துலயே தொங்குது. இருபத்தி மூணு வருசமா இந்த மிசின்ல உக்காந்து தைக்கிறேன், இந்தத் தெருவுல என் கை படாத ரவிக்கை உண்டா? ஆனா ஒரு சட்டைத் துணிய முன்னால போட்டுக்கிட்டு இப்படித் திருதிருன்னு முழிச்சதில்ல. இதுல யோசிக்க என்னடி இருக்கு மாரீஸ்வரி, நீதான ஊருக்கெல்லாம் பாடம் எடுப்ப? லைனிங் துணிய நனைச்சுக் காயப்போட்டுத்தான் தைக்கணும், ஃபால்ஸ நனைக்காம அடிச்சா சேலை சுருட்டிக்கிட்டு நிக்கும், செவப்புத் துணின்னா கல்லுப்புப் போட்ட தண்ணியில வைக்கணும், முறுக்கிப் பிழியாத, நெழல்ல போடு, அரை ஈரத்துல தேய்ச்சிரு. செவந்திக்கனி டீச்சரு ஒருநாள் எகிறிக்கிட்டு வந்துச்சு, புதுத்துணியப் போயி தண்ணியில முக்கி வச்சிருக்கியே, மொடமொடப்பே போச்சே, மஞ்சக்கூட வைக்காம நனைக்கலாமாக்கும்னு. நான் விடுவேனா? டீச்சர், இன்னிக்கு மொடமொடப்பா இருக்கும், நாளைக்குத் தொவைச்சதும் கைய உள்ள விட முடியாது, அப்ப என்னயத்தான திட்டுவீகன்னேன். வேணும்னா மஞ்சள வச்சுட்டே நனைக்கிறேன்னு, அது கண்ணு முன்னாடியே ஓரத்துல ஒரு பொட்டு மஞ்சள வச்சு மறுபடியும் முக்குனேன். அம்புட்டு வாய். அந்த வாய் எங்க போச்சு இப்ப?

உள்ள எங்க வீட்டுக்காரரு இருமல் சத்தம் கேக்குது. ஒரு தடவ. ரெண்டு தடவ. நின்னுருச்சு. தூங்குறாக. மத்தியானம் ரெண்டு கரண்டி ரசஞ்சோறு உள்ள போச்சு, அதுவே இன்னிக்குப் பெரிய விசயம். போனவாரம் பூராவும் ஒரு கரண்டிதான். அதையும் சட்டைக்காகத்தான் சாப்பிடுறாக. எனக்குத் தெரியும். அந்த நீலச் சட்டையப் போட்டுக்கிட்டு உக்காந்து, ஒவ்வொரு வாயா, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ள கணக்கா முழுங்குறாக. நீலச் சட்ட. அதப் போயி நான் ஏன் தைச்சேன். தைச்சதுகூடத் தப்பில்ல, நனைக்காம தைச்சேனே. ரெண்டு துணியும் இவுகளே போயி எடுத்தது, ஒண்ணு நீலம், ஒண்ணு சந்தனம். சித்திரையில, ஆசுபத்திரிக்குப் போறதுக்கு முந்தி, வயித்துவலின்னு ஓமத்தண்ணி குடிச்சுக்கிட்டுத் திரிஞ்சாகளே, அப்ப. எனக்குன்னு ஒரு சட்ட தைக்க மாட்டியா, ஊருல உள்ள பொம்பளைகளுக்கெல்லாம் தைக்கிற, கட்டுனவன் ரெடிமேடு போட்டுத் திரியணுமான்னு கேட்டாக. கேலிக்குத்தான் கேட்டாக. நானும் கேலிக்குத்தான், ஆம்பளச் சட்டைக்குக் காலர் வைக்க எனக்கு வராது, ரவிக்கை வேணும்னா சொல்லுங்க, நல்ல கழுத்து வச்சுத் தாரேன்னேன். என்னா சிரிப்புச் சிரிச்சாக அன்னிக்கு. பக்கத்து வீட்டு ஆளு என்னன்னு எட்டிப் பாத்துச்சு. அப்ப உடம்புல சதை இருந்துச்சு. சைக்கிள்ல போயி தெருத்தெருவா வால்வு திருகித் தண்ணி தெறந்து விடுற உடம்பு, அந்தப் பெரிய இரும்புச் சாவிய ஒத்தக் கையில தூக்குவாக. நெஞ்சு நாப்பது அளவு.

நாப்பது. ஆனி மாசம் மதுரையில இருந்து திரும்பி வந்த அன்னிக்கு நான் போட்ட அளவு முப்பத்தாறு. டேப்ப வச்சு அளக்கல. அளந்தா நம்பர் தெரிஞ்சிரும்ல. அவுகளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கண்ணாலேயே போட்டேன். அன்னிக்குக் காலையில டாக்டரு என்னய மட்டும் ரூமுக்குள்ள கூப்பிட்டாரு. இவுக வெளிய பெஞ்சுல உக்காந்து வாட்ச்மேன்கிட்ட ஏதோ பேசிக்கிட்டு இருந்தாக, கண்ணாடிக் கதவு வழியாத் தெரிஞ்சுச்சு. டாக்டரு சின்ன வயசு. பேசும்போது என்னயப் பாக்கல, பேனாவையே பாத்தாரு. அம்மா, வயித்துல இருந்து ஈரலுக்குப் போயிருச்சு, இனிமே மருந்து வலிக்கு மட்டுந்தான், ஆவணியத் தாண்டுறது கஷ்டம், சொந்தக்காரங்க யாரும் தூரத்துல இருந்தா வரச் சொல்லிருங்கன்னாரு. எனக்கு ஒண்ணுமே தோணல. ஆவணின்னு தமிழ் மாசத்துல சொல்றாரேன்னுதான் தோணுச்சு. வெளிய வந்தேன். என்ன சொன்னாருன்னு கேட்டாக. சத்து மாத்திரை எழுதியிருக்காரு, நல்லாச் சாப்பிடணுமாம்னேன். பஸ்ஸுல சன்னலோரம் உக்காந்துக்கிட்டு, அப்ப எனக்கு அந்தச் சட்டையத் தைச்சுக் குடு, வெள்ளிக்கிழம நம்ம பிள்ள மீனாகூட வீடியோவுல பேசும்போது போட்டுக்கிறேன்னாக. சரின்னேன். வீட்டுக்கு வந்து கால்கூடக் கழுவல. கவரப் பிரிச்சேன், விரிச்சேன், வெட்டிட்டேன். கதர்! நூலிலயே மோசமாச் சுருங்குறது அதான். லைனிங் பிட்டக்கூட நனைக்காம தொடாதவ, கட்டுன புருசன் சட்டைய நனைக்காம வெட்டிட்டேன். கத்திரி போகுற சத்தம் மட்டும் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. காலர்கூட அன்னிக்குன்னு பாத்து அப்படி அழகா வந்துச்சு.

மொதத் தடவ போடும்போது கொஞ்சம் தொளதொளன்னுதான் இருந்துச்சு, மீனாகூடப் பேசுனாக, ஒண்ணும் சொல்லல. மறுநா தொவைச்சேன். கொடியில போடும்போதே என் கைக்குத் தெரிஞ்சுபோச்சு, நீளம் ஒரு இஞ்சுக்கு மேல கொறைஞ்சிருந்துச்சு. அய்யோ நனைக்கலையேன்னு அப்பத்தான் உறைச்சுச்சு. சொல்லியிருக்கணும், அப்பவே சொல்லியிருக்கணும், ஏங்க ஒரு கூறுகெட்ட வேலை பண்ணிட்டேன்னு சொல்லிருந்தா ரெண்டு கிண்டலோட போயிருக்கும். சொல்லணும்னுதான் இருந்தேன். அப்படியே நாலு நாள் ஓடிருச்சு. அன்னிக்கு அடுப்புல பால் இருந்துச்சு. அதுக்குள்ள பீரோ முன்னாடி நின்னு ஒரு சத்தம், ஏ மாரி, மாரி, இங்க ஓடியா. என்னமோ ஏதோன்னு ஓடுனேன். கண்ணாடி முன்னாடி நிக்கிறாக. பட்டனெல்லாம் போட்டிருக்காக. நெஞ்சுப் பட்டனத் தொட்டுக் காமிக்கிறாக. பாத்தியா, இழுக்குது பாரு. போனவாரம் தொளதொளன்னு கெடந்துச்சுல்ல? ஏ, சத்து மாத்திரை வேலை செய்யுதுடி. வெயிட்டுப் போட்டுட்டேன்டின்னு. முகத்துல அப்படி ஒரு... எப்படிச் சொல்ல. மீனா பிறந்தப்ப ஆசுபத்திரி வராண்டாவுல நின்னாகளே, அந்த முகம். நான் என்ன சொன்னேன்? ஆமாங்கன்னேன். ஆமாங்க, கன்னம்கூட லேசா உப்புன மாதிரி இருக்குன்னேன். பாவி. கேக்காததையும் சேர்த்துச் சொன்னேன். அடுப்புல பால் பொங்கி ஊத்திருச்சு.

அன்னிக்கு மூணு இட்லி சாப்பிட்டாக. ராத்திரி முனகாமத் தூங்குனாக. மறுநா வாசல்ல நாற்காலியப் போட்டு உக்காந்து போறவன் வாறவன்கிட்டயெல்லாம், என் பொண்டாட்டி தைச்ச சட்டடா, எனக்கே பத்தாமப் போச்சுன்னாக. ஒரு வாரம் வீடு வீடாவே இருந்துச்சு. ஒரு மருந்தாலயும் ஆகாதத ஒரு சுருங்குன சட்ட செஞ்சுச்சேன்னு நானே சந்தோசப்பட்டேன், பொய் சொல்லக்கூடாது, சந்தோசமாத்தான் இருந்துச்சு எனக்கு. ஆனா அதே சட்டையப் போட்டுக்கிட்டுத்தான மீனாவுக்குப் போனப் போட்டாக. மீனா புனேயில இருக்கா, மாப்பிள்ளைக்கு அங்க கம்பெனி வேலை, கைப்பிள்ளைக்கு ஏழு மாசம். அவ அப்பவே ரயிலுக்கு டிக்கெட்டு எடுத்து வச்சிருந்தா, அப்பாவப் பாக்கணும்போல இருக்குன்னு. அந்த டிக்கெட்டப் பத்திப் பேச்சு வந்தாலே இவுகளுக்கு மூஞ்சி சுண்டிப்போகும். எதுக்கு இப்ப இம்புட்டுத் தூரம் ஓடி வாரா, கடைசியா ஒருதரம் பாத்துட்டுப் போறதுக்கா, அவ வந்து வாசல்ல நின்னா எனக்கு நாள் குறிச்சாச்சுன்னு அர்த்தம்டின்னு ஒருநாள் என்கிட்டச் சொன்னாக. சட்டையப் போட்டதும் அந்தப் பயமெல்லாம் போயிருச்சு. ஏ மீனாக்குட்டி, அப்பா தேறிட்டேன்டா, சட்டையெல்லாம் இறுக்கமாகிருச்சு, கைப்பிள்ளைய வச்சுக்கிட்டு அலையாத, டிக்கெட்ட கேன்சல் பண்ணிரு, தீபாவளிக்குச் சாவகாசமா வா, அப்பா டேசன்ல வந்து நிக்கிறேன்னாக. அவளும் நம்பிக் கேன்சல் பண்ணிட்டா. நான் பக்கத்துல உக்காந்து வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தேன். தீபாவளி ஐப்பசியில. டாக்டரு சொன்னது ஆவணி. இன்னிக்கு ஆடி பதினெட்டு தாண்டி நாலு நாளாச்சு.

காலையில மீனா என் போனுக்குக் கூப்பிட்டா. அம்மா, நிசத்தச் சொல்லு, நேத்து வீடியோவுல அப்பா கழுத்தப் பாத்தேன், எனக்குப் பயமாருக்குன்னா. நல்லாத்தான்டி இருக்காகன்னேன். சரி, உங்க மாப்பிள்ளைக்கு லீவு இப்ப விட்டா அப்புறம் தீபாவளிக்குத்தான், சாயங்காலத்துக்குள்ள மேனேஜர்கிட்டச் சொல்லணும், வரவா வேணாமான்னு நீ சொல்லும்மா, நீ வான்னா வாரேன், வேணாம்னா வரலன்னா. எம்மேல போட்டுட்டா. நான் சாயங்காலம் பேசுறேன்னு வச்சிட்டேன். வச்சிட்டுத் திரும்பி வந்தா இவுக இந்தச் சந்தனத் துணிய மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்காக. இதையும் தைச்சிரு மாரி, ஆனா போன அளவு வேணாம், அரை இஞ்சு கூட வை, உடம்பு இன்னும் ஏறும்லன்னு. ஏறும்லன்னு கேட்டாக. அந்தக் கை, துணிமேல இருந்த அந்தக் கை, எலும்பும் நரம்புமா, மோதிரம் கழண்டு விழுதுன்னு நூல் சுத்திப் போட்டிருக்கிற அந்தக் கை. அத அவுகளே பாக்குறாகதான? அப்புறமும் எப்படி ஒரு சட்டைய நம்புறாக? அன்னிக்கு ஆணியக் காய்ச்சி பெல்ட்டுல புதுசா ஓட்ட போட்டாக, எனக்குத் தெரியாதுன்னு நெனப்பு. பெல்ட்டு ஒண்ணு சொல்லுது, சட்ட ஒண்ணு சொல்லுது, மனுசன் சட்ட சொல்றதத்தான் கேப்பேன்னு நிக்கிறாரு. நானா இருந்தாலும் அப்படித்தான் நிப்பேன்.

நனைக்காம வெட்டிரலாம். மறுபடியும் முப்பத்தாறு. ரெண்டு தொவையில இறுகிரும். ஆனா இறுகுமா? அப்ப முப்பத்தாறுன்னா பொருந்துச்சு, இப்ப முப்பத்தி மூணுகூட இருக்காது, எம்புட்டுச் சுருங்குனாலும் தொங்கத்தான் செய்யும். அப்ப முப்பத்தி நாலு வச்சு வெட்டணும், நனைக்காம. இல்லைன்னா நனைச்சுட்டு முப்பத்தி மூணு. எப்படியும் ஒரு சின்னச் சட்ட. சரி, இதையும் தைச்சுப் போட்டாச்சு, அடுத்தது? அடுத்த வாரத்துக்கு முப்பத்திரெண்டு, அப்புறம் முப்பத்தியொண்ணு, மனுசன் உள்ள கரைஞ்சுக்கிட்டே போக, நான் வெளிய இருந்து சட்டையக் கொறைச்சுக்கிட்டே போறதா? கடைசியில பள்ளிக்கூடத்துப் பிள்ள சட்ட அளவுல போயி நிப்பேனா? அய்யோ. அன்னிக்குச் செஞ்சது மறதி, சாமி சத்தியமா மறதி. இன்னிக்கு நனைக்காம வெட்டுனா அது மறதி இல்ல. அது நான் தெரிஞ்சே ஏமாத்துறது. ஆனா நெசத்தச் சொல்லி என்ன ஆகப்போகுது? ரெண்டு கரண்டிச் சோறு ஒண்ணாகும். ஒண்ணும் இல்லாமப் போகும். செவுத்தப் பாத்துப் படுத்துக்கிருவாக. மிச்சம் இருக்கிற நாளையும் பிடுங்கிக்கிறதா? கட்டுனவளா நீ? ஒரு மனுசன் சந்தோசமாச் சாகக்கூடாதா? சாகன்னு சொல்லிட்டேனே. வாயில வந்துருச்சு. மனசுக்குள்ளதான், வெளிய வரல. வெளிய வரலதான? இருமல் சத்தம் இல்ல. ஃபேன் ஓடுற சத்தம்தான்.

எங்கப்பாவுக்கும் இப்படித்தான பண்ணுனாக. மீனாவுக்கு ரெண்டு வயசு அப்ப, நாங்க மாமியார் ஊருல இருந்தோம். எங்கண்ணன் போன்ல, அப்பாவுக்குச் சும்மா காய்ச்சல்தான், மழையில பிள்ளையத் தூக்கிக்கிட்டு வராத, அவரே வேணாம்னுதான் சொல்றாருன்னான். நானும் ரெண்டு நாள் கழிச்சுப் போனா என்னன்னு இருந்துட்டேன். போயி எறங்குனா வாசல்ல பந்தல். மூக்குல பஞ்சு வச்ச மூஞ்சியத்தான் பாத்தேன். அண்ணன் என் கையப் பிடிச்சுக்கிட்டு, உன்னயப் பாத்தா அப்பா பயந்துருவாருன்னுதான் சொல்லல தாயின்னு அழுதான். அந்தக் கைய உதறுனவதான். இன்னிக்கு வரைக்கும் அவன்கூட முகம் குடுத்துப் பேசுனதில்ல. விசேச வீட்டுல பாத்தா வாங்கன்னுவேன், அம்புட்டுத்தான். அப்பா பயந்தா பயந்துட்டுப் போறாரு, எனக்கு அவரு கண்ணு முழிச்சிருக்கும்போது பாக்கணும்ல? மாரின்னு ஒருதரம் கூப்பிட்டிருப்பாருல? இதே வார்த்தையத்தான மீனாவும் சொல்லுவா. ஆவணியில வந்து எறங்கி, பந்தலப் பாத்துட்டு, எம்மூஞ்சியத்தான் பாப்பா. நீ நல்லாருக்காகன்னு சொன்னியேம்மான்னு. எங்கண்ணன் அன்னிக்கு எப்படி நின்னான்னு இப்பத்தான் தெரியுது. அவனும் இப்படித்தான் ஒரு மத்தியானம் பூரா உக்காந்து யோசிச்சிருப்பான் போல. படுபாவி, யோசிச்சுத்தான் அந்த முடிவுக்கு வந்திருக்கான்.

குழாய் காத்து விடுது. புஸ்ஸு புஸ்ஸுன்னு. தண்ணி வரப்போகுது. இவுக வேலைக்குப் போனப்ப ஒரு நிமிசம் தப்பாது, தெருவே அவுக சைக்கிள வச்சுத்தான் குடத்த எடுக்கும். இப்பத் தெறக்குறது யாரோ புதுப் பையன், முன்னப்பின்ன ஆகுது. வந்துருச்சு. மொதல்ல செம்மண் கலர்ல வரும், கொஞ்சம் விடணும். வாளியக் கழுவுறேன். எதுக்குடி பயப்படுற, ஒரு துணிய நனைக்கப் போற, கொலையா பண்ணப் போற? ஓரத்துல மஞ்சள் வைக்கணும்ல. அடுப்படியில போயி விரல்ல தொட்டுக்கிட்டு வந்து வச்சேன். வாளி நிறையுற சத்தம் இந்த வீட்டுக்குள்ள அம்புட்டுப் பெருசாக் கேக்கும்னு இன்னிக்குத்தான் தெரியுது. மெதுவா விடலாமா? குழாயக் கொஞ்சம் மூடுனேன். மறுபடியும் தெறந்துட்டேன். கேக்கட்டும். துணிய உள்ள விட்டேன். கஞ்சித் துணி லேசுல நனையாது, மேலேயே மெதக்குது. ரெண்டு கையாலயும் அமுக்குறேன்.

"மாரி."

முழிச்சிட்டாக.

"ம்ம், சொல்லுங்க."

"தண்ணி வந்துருச்சா?"

"இப்பத்தான் வருது."

"பய இன்னிக்கு அஞ்சு நிமிசம் லேட்டு. வாளியில என்ன பண்ற?"

சேலைத் தலப்புன்னு சொல்லிரலாம். மிதியடின்னு சொல்லிரலாம். சொன்னா நம்பிருவாக, நான் எதச் சொன்னாலும் நம்புற மனுசன்.

"உங்க சந்தனக் கலர் துணிங்க. நனைக்கிறேன்."

கட்டில் கிரீச்சுன்னுச்சு. எந்திரிச்சு உக்காந்துட்டாக போல. நான் திரும்பல. வாளியவே பாத்துக்கிட்டு இருக்கேன். தண்ணி வழிஞ்சு காலுக்கடியில ஓடுது.

"நனைச்சுட்டுத்தான் தைக்கணுமோ?"

"ஆமாங்க. கதர்ல. இல்லைன்னா சுருங்கிரும்."

வாசல்ல யாரோ குடத்த நகத்துறாக. இவுக உள்ள கூட்டிக் கழிச்சுப் பாக்குறாக, எனக்குக் கேக்குது, அவுக மனசுக்குள்ள போறது எனக்குக் கேக்குது, வேணாம், கேக்காதீக, அந்த ஒண்ணு மட்டும் கேக்காதீக, என் சாமி.

"அந்த நீலத் துணிய நனைச்சியா?"

இன்னும் ஒரு பொய்தான். நனைச்சேன்னு ஒரு வார்த்த. மீனாகிட்ட வேணாம்னு ஒரு வார்த்த. அம்புட்டுத்தான், அப்புறம் அடுப்படிக்குப் போயி காப்பி போடலாம்.

"இல்லைங்க," அப்படிங்குறேன். "மதுரையில இருந்து வந்த அன்னிக்கு... மறந்துட்டேன். நனைக்காம வெட்டிட்டேன்."

அழக்கூடாதுன்னு நெனைச்சேன். மூக்குல இருந்து தண்ணியா ஊத்துது. குழாய மூடத் தோணல. அவுக திட்டுவாகன்னு பாத்தேன். ஏன் இத்தன நாளாச் சொல்லலன்னு கேப்பாகன்னு பாத்தேன். மெதுவா எந்திரிச்சு, செவுத்தப் பிடிச்சுப் பிடிச்சு, குழாயடி நிலைக்கு வந்து நிக்கிறாக. நீலச் சட்டதான் போட்டிருக்காக. இப்ப அதுவும் தொளதொளன்னுதான் கெடக்கு. எத்தன நாளா அப்படிக் கெடக்கோ, நாங்க ரெண்டு பேருமே பாக்கல.

"டாக்டரு அன்னிக்கு உன்ட்டச் சொல்லிட்டாரோ?"

தலைய மட்டும் ஆட்டுனேன்.

"ஒத்தையில வச்சிக்கிட்டுத் திரிஞ்சியா? கிறுக்கி." அப்படின்னாக. கோவமா இல்ல. "போன எடு."

மேசையில இருக்குன்னு கைய நீட்டுனேன். அவுகளே போயி எடுத்தாக. அவுகளே நம்பர அமுக்குனாக. ஒரு ரிங்குலயே எடுத்துட்டா, காலையில இருந்து போனக் கையிலயே வச்சிருந்திருப்பா பாவம்.

"மீனாக்குட்டி... ஆமாடா, அப்பாதான். மாப்பிள்ளைக்கு லீவு கெடைக்குமான்னு கேளு. தீபாவளிக்கு இல்லடா. இப்ப. இந்த வாரம். அப்பாவுக்கு உன்னயப் பாக்கணும்போல இருக்கு." கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கிக்கிட்டாக. "டேசனுக்கு அப்பா வர முடியாது, ஆட்டோ வச்சு வந்துருங்க. கைப்பிள்ளைக்குக் காத மூடி எடுத்துட்டு வா, ரயில்ல காத்தடிக்கும்."

அப்புறம் போன என்கிட்ட நீட்டுனாக.

"இந்தா, அழுகுறா. நீ பேசு."

என் கையெல்லாம் ஈரம். சேலையில தொடச்சிட்டு வாங்குறேன்.